பூக்குழி: சாதியின் பெயரைச் சொல்லாமல் விட்டது பலமா, குறையா?

அங் மோ கியோ வாசகி:

பெருமாள்முருகனின் 'பூக்குழி' நாவலைச் சிங்கப்பூரில் எங்கள் வாசிப்புக் குழுவில் எடுத்துக்கொண்டோம். நேரம் முடிந்தும் வாதம் முடியவில்லை. அதனால் இங்கே தொடங்கிவைக்கிறேன். குழுவுக்கு வராதவர்களும் கலந்துகொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோடாக் கடையில் வேலை பார்க்கும் குமரேசன் தோலூரில் சரோஜாவைக் காதலித்து, மணந்து, தன் ஊரான காட்டுப்பட்டிக்கு அழைத்து வருகிறான். பாறைமேல் ஒரு குடிசை. அவனை ஒற்றை ஆளாக வளர்த்த தாய் மாராயி. பெண் வந்து இறங்கிய நாளிலிருந்து ஊர் கேட்பது ஒரே கேள்வி: இவள் என்ன சாதி? 'நம்ம சாதிதான்' என்று குமரேசன் எல்லோரிடமும் சொல்கிறான். ஒருவரும் நம்பவில்லை. முடிவைத் தொடாமல் இந்த நாவலைப் பேச முடியாது. எனவே படிக்க நினைப்பவர்கள் இங்கேயே நின்று, படித்துவிட்டு வாருங்கள்.

நாவல் முழுவதும் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. ஆனால் சரோஜா என்ன சாதி, குமரேசன் என்ன சாதி என்பதை ஆசிரியர் கடைசிவரை சொல்வதில்லை. இதுதான் நாவலின் பெரிய பலம் என்பது என் கருத்து. பெயர் இருந்தால், 'அது அவர்கள் செய்த அட்டூழியம்' என்று மற்றவர்கள் ஒதுங்கிவிடலாம். பெயர் இல்லாததால் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த பெயர்களை அங்கே வைத்துப் படிக்கிறோம். எங்கள் குழுவில் கேட்டுப் பார்த்தபோது ஆளுக்கொரு பெயர் வந்தது. ஒருவர் வைத்திருந்தது தன் சொந்தக் குடும்பத்தின் பெயரை.

ஒரு தம்பி இதைக் கடுமையாக மறுத்தார். அவர் இங்கேயும் வர வேண்டும்.


மூன்றாம் தலைமுறை:

வந்துவிட்டேன் அக்கா.

என் தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது தெம்பனிஸில். சாதி என்றால் எனக்குப் பாடநூலில் படித்ததும் செய்தியில் கேட்டதும்தான். நீங்கள் சொல்லும் அந்தக் காலி இடத்தில் வைக்க என்னிடம் பெயர் கிடையாது. எனக்கு அது கடைசிவரை காலியாகவே இருந்தது. ஊர் ஏன் இவ்வளவு கொதிக்கிறது, இந்த இரண்டு குடும்பங்களுக்கும் நடுவே இருக்கும் தூரம் எவ்வளவு, யார் யாரிடம் கூலி வாங்குகிறார்கள், யாருடைய கிணற்றில் யார் இறங்கக் கூடாது என்பதெல்லாம் தெரியாமல் அந்தக் கோபத்தை நான் எப்படி அளப்பது?

இன்னொன்று. நாவல், வேறு சாதிப் பெண்ணை மணந்த தலித் இளைஞர் தர்மபுரி இளவரசனுக்குச் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் திருமணத்தை எதிர்த்து 2012 நவம்பரில் அவருடைய நத்தம் காலனியில் வீடுகள் கொளுத்தப்பட்டன. 2013 ஜூலையில் இளவரசனின் உடல் ரயில் தண்டவாளத்தோரம் கிடந்தது. யார் வீடு எரிந்தது, எரித்தவர்கள் யார் என்பதெல்லாம் பெயரோடு செய்தித்தாளில் வந்தவை. சமர்ப்பணத்தில் ஒரு மனிதரின் பெயரைச் சொல்கிற துணிச்சல், நாவலுக்குள் ஒரு சமூகத்தின் பெயரைச் சொல்ல ஏன் வரவில்லை? எரித்தவர்களுக்குப் பெயர் இல்லாமல் போனால் அது இயற்கைப் பேரிடர் மாதிரி ஆகிவிடுகிறது. எனக்கு அது உறுத்துகிறது.


கொங்கு மண்:

தம்பி, நான் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரன். பிழைப்புக்காக இங்கே வந்து குடியுரிமையும் வாங்கிவிட்டேன். எங்கள் ஊர்க்காரர் யாரிடம் கொடுத்தாலும் இரண்டாவது பக்கம் தாண்டுமுன் குமரேசன் வீடு எது என்று சொல்லிவிடுவார். காட்டில் ஆளுக்கொரு குடிசை தள்ளித் தள்ளி இருப்பது, மாராயி பேசுகிற பேச்சு, ஆடு வைத்திருக்கிற விதம், உறவுக்காரர்கள் வந்து நின்று கேட்கிற தோரணை எல்லாமே அடையாளம்தான். ஆசிரியர் மறைத்துவிட்டார் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெயரை மட்டும்தான் எழுதவில்லை. மற்ற எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்.

எழுதியவர் வெளியாளும் இல்லை. பிறந்து வளர்ந்த மண்ணை, தன்னைச் சேர்ந்தவர்களையே எதிரில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார். அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது அந்த ஊரில் கல்யாணம் காது குத்துக்குப் போய் வருகிற எனக்குத் தெரியும்.

ஆனாலும் ஒரு மனக்குறை. அந்த ஊரில் ஒரு கிழவியாவது சரோஜாவைத் திண்ணையில் உட்காரவைத்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்திருப்பாள். எங்கள் ஊர்களில் கொடுமையும் உண்டு, கொடுமைக்கு நடுவே அப்படிப்பட்ட மனிதர்களும் உண்டு. நாவலில் ஊரே ஒற்றை முகமாக நிற்பதுபோல் எனக்குப் படுகிறது. சோடாக் கடை பாய் அண்ணன் நல்லவர், அவர் வெளியூர்.


பழைய வாசகர்:

நான் ஐம்பதாண்டுக்கு மேலாகத் தமிழ் நாவல்கள் படிக்கிறவன். எல்லோரும் சாதியைப் பற்றிப் பேசுகிறீர்கள், நாவலைப் பற்றி யாரும் பேசவில்லை.

எனக்குப் பூக்குழி பிடிக்கவில்லை. வாக்கியங்கள் வறண்டிருக்கின்றன. மாராயி ஆரம்பத்திலேயே வசை பாடத் தொடங்குகிறார், கடைசிவரை அதே வசை, அதே ஒப்பாரி. சரோஜா அழுகிறாள், குடிசைக்குள் முடங்குகிறாள், மறுபடி அழுகிறாள். அவளுக்குள் அழுகையைத் தவிர வேறு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவே இல்லை. ஒரு நாவலில் மனிதர்கள் நாம் எதிர்பாராத பக்கம் ஒருமுறையாவது திரும்ப வேண்டும். இங்கே முதல் பத்துப் பக்கத்தில் நினைத்ததுதான் கடைசிப் பத்துப் பக்கத்தில் நடக்கிறது.

'மாதொருபாகன்' நாவலைச் சுற்றி 2015இல் நடந்த சர்ச்சை இல்லாவிட்டால் இவருக்கு இந்தப் புகழ் வந்திருக்குமா என்பதையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.


அங் மோ கியோ வாசகி:

ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது விவரம் சார்ந்தது. 'ஏறுவெயில்' வந்தது 1991இல். 'கூளமாதாரி' 2000இல். அதை வ. கீதா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2004இல் வெளியானது, மறு ஆண்டு கிரியாமா பரிசின் இறுதிப் பட்டியல்வரை போனது. 'மாதொருபாகன்' 2010இல் வந்தபோது எந்தக் கலவரமும் இல்லை. எதிர்ப்பு கிளம்பியது 2014 டிசம்பரில், 2013இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்த பிறகு. அதற்குள் கால் நூற்றாண்டு எழுதி முடித்திருந்தார். சர்ச்சையால் அவரைத் தெரிந்துகொண்டவர்கள் உலகம் முழுக்க உண்டு, மறுக்கவில்லை. அவர் எழுத்தாளர் ஆனது சர்ச்சையால் அல்ல.

அந்தச் சர்ச்சை அவருக்குக் கொடுத்ததைவிட எடுத்துக்கொண்டது அதிகம். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் உட்காரவைத்து மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வரும்வரை அந்த மௌனம் நீடித்தது. எழுதுவதே வாழ்க்கையாக இருந்த ஒருவருக்கு அது எப்படிப்பட்ட காலம் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நடையைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு வேறு யாராவது பதில் சொல்லட்டும். எனக்கும் சில இடங்களில் சலிப்பு வந்தது.


இரவுப்பணி:

நான் சொல்கிறேன். இங்கே முதல் தடவை எழுதுகிறேன். ஜூரோங் பக்கம் வேலை, தங்குவிடுதியில் இருக்கிறேன், சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம். பூக்குழியை அறை நண்பர் ஒருவர் ஊரிலிருந்து கொண்டுவந்தார். எங்கள் அறையில் கை மாறி மாறி அட்டை கிழிந்துவிட்டது.

ஐயா, மாராயி ஒரே ஒப்பாரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். என் அக்கா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போன பிறகு எங்கள் அம்மா அப்படித்தான் இருந்தார். காலையில் சாணி அள்ளும்போது தொடங்குவார். ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போகும்போது வரப்பிலிருந்து கேட்கும். மாலையில் அடுப்பு மூட்டும்போது அதே வரி. கேட்கிற எங்களுக்கு ஒரு கட்டத்தில் காது மரத்துப்போனது. எழுதினவர் அதைக் குறைத்து அழகாக்கி எழுதியிருந்தால் எனக்கு அது மாராயியாகத் தெரிந்திருக்காது. அந்தச் சத்தத்திலிருந்து சரோஜாவுக்கு ஒரு நிமிஷம்கூட விடுதலை இல்லை என்பது நமக்கும் சலிப்பு வரும்வரை வந்துகொண்டே இருந்தால்தான் உறைக்கும்.

எங்கள் அறையில் பெரிய சண்டை நடந்தது குமரேசனைப் பற்றி. எல்லோரும் அவனை நல்லவன் என்றார்கள். எனக்கு அவன்மேல் வந்த கோபம் மாராயிமேல்கூட வரவில்லை. தெரியாத ஊர், வெயிலில் சுடும் பாறை, எல்லோரும் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிற குடிசை. அங்கே அவளை விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சோடாக் கடை வைக்கப் போய்விடுகிறான். கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிடும், அம்மா மனசு மாறிவிடும், தொழில் நிலைத்துவிட்டால் தனியாகப் போய்விடலாம் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்புகிறான். அந்த நம்பிக்கைதான் அவளுக்கு எமனாக வருகிறது.

நானும் கல்யாணமான சூட்டோடு இங்கே வந்தவன். ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்துக்கு நிலம் அடகில் இருக்கிறது. மனைவி என் அம்மாவோடு இருக்கிறாள். போனில் என்ன கேட்டாலும் 'நல்லா இருக்கேன்' என்றுதான் சொல்வாள். பூக்குழியைப் படித்த பிறகு அந்த பதிலை அப்படியே விட முடியவில்லை. அம்மா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் கூப்பிட்டு, திரும்பவும் கேட்கிறேன். இப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறாள்.

சரோஜா எதிர்பாராத பக்கம் திரும்பவே இல்லை என்கிறீர்கள். திரும்புவதற்கு அவளுக்கு எந்தப் பக்கம் வழி இருந்தது ஐயா?


பழைய வாசகர்:

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்கள் மனைவியோடு பேசுவதை விட்டுவிடாதீர்கள்.

நாவலின் நடையைப் பற்றி என் கருத்து மாறவில்லை. வாழ்க்கையில் ஒன்று திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதற்காகப் பக்கத்திலும் அது அதே அளவுக்குத் திரும்ப வேண்டியதில்லை. சொல்லாமல் உணர்த்துவதற்குத்தான் கலை இருக்கிறது. ஆனால் குமரேசனைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லாத ஒன்று. அந்தக் கோணத்தில் பார்த்தால் நாவல் இன்னும் கறாராகிறது.


பொன்னாவின் தோழி:

நீங்கள் எல்லோரும் பூக்குழியிலேயே நிற்கிறீர்கள். நான் 'மாதொருபாகன்' பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்குக் குழந்தை இல்லை. எதற்காக இல்லை என்பது இங்கே தேவையில்லை. அந்த நாவலைச் சுற்றி நடந்த சண்டை முழுவதும் தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவைப் பற்றியது; குழந்தை இல்லாத பெண் அன்று வேறொரு ஆணோடு சேர்ந்து பிள்ளை பெறலாம் என்று நாவலில் வரும் வழக்கம் அது. எதிர்த்தவர்களும் அதைத்தான் பேசினார்கள், ஆதரித்தவர்களும் அதைத்தான் பேசினார்கள். அதற்கு முன்னால் இருக்கிற பக்கங்களை யாரும் பேசவில்லை. காளியும் பொன்னாவும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருக்கிறார்கள். அவனுக்கு இரண்டாம் தாரம் பார்க்கலாமா என்று சுற்றி இருப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். குழந்தை வரம் வேண்டிச் சுற்றுகிற, மலையில் இருக்கும் வறடிக்கல்லை, கால் தவறினால் பாதாளம் என்கிற இடத்தில், அவள் சுற்றி வருகிறாள். யார் எந்தச் சாமியைச் சொன்னாலும் போகிறாள்.

இந்த ஊரில் கல் இல்லை, மற்ற எல்லாம் உண்டு. உறவுக்காரப் பெண் ஒருத்தியின் வளைகாப்பில் வரிசையாக எல்லாப் பெண்களும் வளையல் போட்டு, கன்னத்தில் சந்தனம் தடவிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தபோது பெரியம்மா ஒருவர் தட்டை என் கைக்கு எட்டாமல் நகர்த்தி, 'நீ உள்ளே போய்ச் சாப்பாடு தயாரா என்று பாரும்மா' என்றார். மென்மையாகத்தான் சொன்னார். நான் உள்ளே போய்ச் சாம்பாரைக் கிண்டிக்கொண்டு நின்றேன். ஒரு ஆண் எழுத்தாளர் இதை எப்படி இவ்வளவு தெரிந்து எழுதினார் என்பது எனக்கு இன்னமும் வியப்பு.

ஆனால் அவர்மேல் எனக்குத் தீராத ஒரு கோபமும் இருக்கிறது. பொன்னா திருவிழாவுக்குப் போவது காளி சம்மதித்துவிட்டான் என்று நம்பி. அவள் அண்ணன் உட்படக் குடும்பமே சேர்ந்து அவளை அப்படி நம்ப வைக்கிறது. அவளை ஏமாற்றியிருக்கிறார்கள். நாவல் முடிவதோ, வீட்டுக்குத் திரும்பி வந்து பூட்டைப் பார்க்கிற காளியின் துக்கத்தில். பிறகு அதன் தொடர்ச்சியாக இரண்டு நாவல்கள் எழுதினார். 'ஆலவாயன்' காளி செத்துப்போனால் என்ன ஆகும் என்று பார்க்கிறது. 'அர்த்தநாரி' அவன் பிழைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்க்கிறது. இரண்டு பாதையும் பிரிவது காளியிடத்தில்தான். பொன்னா வேறு முடிவு எடுத்தால் என்ன ஆகும் என்று மூன்றாவது நாவல் ஏன் இல்லை?


கொங்கு மண்:

அம்மா, ஆலவாயனில் பொன்னாதானே மையம்? காளி போன பிறகு அவளும் அவள் மாமியாரும் தாயும் சேர்ந்து ஒருவரையொருவர் தாங்கிக்கொள்கிற விதத்தை நான் வேறு எந்தத் தமிழ் நாவலிலும் படித்ததில்லை.


பொன்னாவின் தோழி:

அது உண்மை. அந்தப் பெண்கள் மூவருக்காகவே ஆலவாயனைத் திரும்பப் படிப்பேன். ஆனாலும் காளி செத்தால்தான் அவள் மையத்துக்கு வர முடிகிறது என்பது என் குறை. அது அப்படியே நிற்கட்டும்.


தமிழாசிரியர்:

பூக்குழியைத் தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தேன், பாடமாக அல்ல, விருப்ப வாசிப்பாக. அனுபவத்தைச் சொல்கிறேன்.

வட்டார வழக்கு அவர்களைத் தடுக்கும் என்று பயந்தேன். உரையாடலில் தடுமாறினார்கள், ஆனால் வாக்கியம் சிறியதாக இருப்பதால் பிடித்துக்கொண்டார்கள். பழைய வாசகர் ஐயா வறட்சி என்று சொல்கிற அதே நடைதான் இங்கே வளர்ந்த பிள்ளைகளை உள்ளே விட்டது. ஒரு மாணவி 2023இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாள். அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் தமிழ் நாவல் என்பதில் பிள்ளைகளுக்குப் பெருமை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் அவர்கள் புத்தகத்தைத் திறக்க அது உதவியது.

தலைப்பு அவர்களுக்குத் தெரிந்ததுதான். தீபாவளிக்கு முன்னால் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில்வரை நடந்து போய்ப் பூ மிதிப்பவர்களைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். சிலருடைய அப்பாவே மிதிப்பவர். அங்கே தீயில் இறங்குகிறவர் விரதமிருந்து, தானே விரும்பி இறங்குகிறார், மறுகரையில் தாங்கிக்கொள்ள ஆள் நிற்கிறது. சரோஜா கர்ப்பிணி. புதருக்குள் ஒளிந்துகொண்டிருக்கும்போது சுற்றித் தீ வைக்கிறார்கள், தீ வைப்பவர்களோடு மாமியாரும் இருக்கிறார். இதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு பையன் அந்த வேறுபாட்டைச் சொன்னான், வகுப்பு அப்படியே அமைதியானது.

ஆனால் மூன்றாம் தலைமுறை கேட்ட அதே கேள்வியை அவர்களும் கேட்டார்கள்: 'டீச்சர், அவங்க என்ன சாதி?' எனக்குச் சங்கடமாக இருந்தது. சொல்வதா, வேண்டாமா? அடுத்த முறை முதல் அத்தியாயத்தை மட்டும் நகலெடுத்துக் கொடுத்து, அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாமா என்று யோசிக்கிறேன்.


ஈசூன்:

இந்த ஊரில் எங்களுக்குச் சாதி தெரியாது என்று எழுதுகிறவர்கள் பிள்ளைகளுக்கு வரன் பார்த்துப் பாருங்கள். என் மகளுக்காக ஒரு திருமணத் தகவல் அமைப்பில் பதிவு செய்யப் போனேன். படிவத்தில் அதற்கென்று ஓர் இடம். காலியாக விட்டுக் கொடுத்தேன். முகப்பில் இருந்தவர் பேனாவை எடுத்து என்னிடமே நீட்டி, 'இதை நிரப்பினால்தான் நல்ல இடம் அமையும்' என்றார். வீவக அடுக்குமாடி வீடு, பட்டப்படிப்பு, சம்பளம் எல்லாம் அதற்குப் பிறகுதான் கேட்டார்.

பெருமாள்முருகனில் எனக்குப் பிடித்தது 'பூனாச்சி'. ஆட்டுக்குட்டிக்குக் காது குத்திப் பதிவு செய்ய ஏழைக் கிழவி வரிசையில் நிற்கிற பகுதியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். மனிதர்களைப் பற்றி எழுத அச்சம் என்று முன்னுரையில் சொல்லிவிட்டு ஆட்டை எழுதியிருக்கிறார். ஆட்டை எழுதினாலும் தப்ப முடியாது என்று அவருக்கே தெரிந்திருக்கும்.


இரவுப்பணி:

பூனாச்சி இன்னும் படிக்கவில்லை. 'ஆளண்டாப் பட்சி' படித்திருக்கிறேன், அதையும் யாராவது பேசுங்கள். கூட்டுக் குடும்பத்தில் நிலம் பிரிக்கும்போது கடைசித் தம்பி முத்துவுக்குத்தான் அநியாயம் நடக்கிறது. மாட்டுவண்டியைப் பூட்டிக்கொண்டு வேறு நிலம் தேடிப் போகிறான். ஊரை விட்டுப் போகலாம் என்று உறுதியாக நிற்பது அவன் மனைவி பெருமா. எங்கள் அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் பாகப்பிரிவினைக் கதை ஒன்று உண்டு. இந்தப் புத்தகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2023இல் ஜேசிபி பரிசு கிடைத்தபோது எங்களில் ஒருவருக்குக் கிடைத்ததுபோல் பேசிக்கொண்டோம்.


மூன்றாம் தலைமுறை:

ஈசூன் அம்மா எழுதியது என் வாதத்துக்கு எதிரானதுபோல் தெரியலாம். எனக்கு அது ஆதரவாகத்தான் படுகிறது. படிவத்தில் அந்த இடம் இருக்கும்வரை அந்தப் பெயருக்குச் செல்வாக்கு இருக்கிறது. செல்வாக்கு உள்ள ஒன்றின் பெயரைச் சொல்லாமல் விட்டால் யாருக்கு லாபம்?

'கூளமாதாரி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாவலின் தலைப்பிலேயே 'மாதாரி' என்று சாதி இருக்கிறது. ஆடு மேய்க்கும் பண்ணைப் பையன் அவன், கவுண்டர் வீட்டில் அடிமைபோல் வேலை செய்கிறான், முதலாளி மகன் செல்வனோடு விளையாடவும் செய்கிறான். எல்லாப் பெயரும் வெளிப்படையாக இருப்பதால் ஒவ்வொரு செயலின் எடையும் எனக்குத் தெரிந்தது. அவன் எங்கே உட்காருகிறான், எதில் வாங்கிக் குடிக்கிறான், எந்த விளையாட்டில் எந்த இடத்தில் விளையாட்டு நின்று அடி தொடங்குகிறது என்பதெல்லாம். தெம்பனிஸ்காரனான எனக்கு அந்த நாவல் முழுதாகத் திறந்தது, பூக்குழி பாதிதான் திறந்தது. இதே எழுத்தாளர் 2000இல் செய்ததை 2013இல் ஏன் செய்யவில்லை?


அங் மோ கியோ வாசகி:

நல்ல கேள்வி தம்பி. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

கூளமாதாரியில் யாரும் யாரிடமும் சாதியைக் கேட்பதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த நிலைமை, பொழுது விடிவதே அதற்குள்தான். பூக்குழியில் அது கேள்வி. கேள்விதான் அங்கே ஆயுதம். பாட்டன் வீட்டுக்குப் போனாலும் கேட்கிறார்கள், வழியில் நிறுத்தியும் கேட்கிறார்கள், ஊர்க் கூட்டத்திலும் கேட்கிறார்கள். சரோஜாவைக் காப்பாற்ற குமரேசனிடம் இருக்கும் ஒரே வழி பதில் சொல்லாமல் இருப்பது. கதை சொல்கிறவர் நம் காதில் மட்டும் அந்தப் பதிலைச் சொல்லியிருந்தால், ஊர் தெரிந்துகொள்ளத் துடிப்பதைத் தெரிந்துகொண்டவர்களாக நாம் பாறையின் அந்தப் பக்கம் போய் நின்றிருப்போம். ஆசிரியர் நம்மை அங்கே போகவிடவில்லை. படிக்கும்போது 'என்ன சாதியாக இருக்கும்' என்று எனக்குள் எழுந்த அரிப்பை நான் உணர்ந்தேன். அது மாராயியின் உறவுக்காரர்களுக்கு இருந்த அதே அரிப்பு. ஒரு நாவல் இதை எனக்குள்ளேயே காட்டியது என்றால் அதைக் குறை என்று என்னால் சொல்ல முடியாது.


கொங்கு மண்:

சரியாகச் சொன்னீர்கள். எனக்கு விடை தெரிந்திருந்ததால்தானோ என்னவோ, படிக்கும்போது ஊர்க்காரர்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததுபோல் இருந்தது.


மூன்றாம் தலைமுறை:

அக்கா, இந்த விளக்கம் நாவலை எனக்கு முன்பைவிட நெருக்கமாக்குகிறது. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஊர் கேட்பதும் நான் கேட்பதும் ஒரே கேள்வி இல்லை. அவர்கள் கேட்பது அவளை விரட்ட. நான் கேட்பது அவளை எரிக்கப் போனவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள. அவர்கள் விரல் சரோஜாவை நோக்கி நீள்கிறது, என் விரல் அவர்களை நோக்கி. சொல்லப் போனால் அவளுடைய சாதியைச் சொல்லாமல் விட்டதை நான் ஏற்றுக்கொள்கிறேன், உங்கள் வாதம் அவளுக்குப் பொருந்துகிறது. ஊரின் பெயரை ஏன் மறைக்க வேண்டும்? கொங்கு மண் அண்ணனுக்கு இரண்டு பக்கத்தில் தெரிந்தது எனக்கும், ஆசிரியர் அம்மாவின் மாணவர்களுக்கும் தெரிய வழியில்லை. மண்ணைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் குற்றவாளி யார் என்று தெரிகிற மாதிரி எழுதினால், மொழிபெயர்ப்பில் படிக்கிற உலகத்துக்கு அது இந்தியக் கிராமம் ஒன்றின் கொடுமை என்பதோடு முடிந்துவிடும்.

டீச்சர், உங்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் அத்தியாயத்தை நகலெடுத்துக் கொடுக்கும்போது சமர்ப்பணப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். பிள்ளைகள் 'அவங்க என்ன சாதி' என்று கேட்டால் இளவரசன் யார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.


தமிழாசிரியர்:

சேர்த்தே கொடுக்கிறேன். தர்மபுரியில் நடந்ததைப் பற்றி அந்த நாட்களில் வந்த செய்திகளையும் தேடி எடுக்க வேண்டும். விக்டோரியா தெரு நூலகத்தில் கேட்டுப் பார்க்கிறேன். மாணவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை இதே இழையில் எழுதுகிறேன்.